கிணற்றுக்கு எடுத்து வைத்த பணம்

எழுபதுகளில் மாந்தோப்பு போடுவதற்காக முதலமடையில் நிலம் பார்க்கப் போனோம். மழையை நம்பிய வெறும் மேட்டுக்காடு, கிணறு இல்லை. கையிலிருந்த பணம் விலைக்கே சரியாகப் போய்விடும். கிணற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

ஆண்கள் தரகரை வைத்து வாசலில் விலை பேசினார்கள். நிலக்காரரின் மனைவி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மிணி, அங்க கொஞ்சம் தோண்டுனாலே பாறைங்க. வேட்டு வெக்காம தண்ணி வராது. இருக்கறதை எல்லாம் காட்டுலயே போட்டுராதீங்க.”

“உங்களுக்கு நட்டமில்லீங்களா?”

“நீங்க வெக்கற செடி காஞ்சா அந்தப் பாவம் எங்களையத்தான் சேருமுங்க.”

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அன்று கதவோரம் நின்று, “ஏனுங்க, கிணத்துக்குப் பணம் வெச்சுட்டு, பாதிக் காடு வாங்குனாப் போதுமுங்க” என்றேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

“அட, அம்மிணிக்குப் பேசக்கூடத் தெரியுதே!” என்று தரகர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதி நிலத்துக்கே பேச்சை முடித்தார்.

அந்த அம்மா சொன்னபடியே பாறை வந்தது. எடுத்து வைத்த பணம் முழுவதும் வேட்டுக்கே போனது. ஆனால் தண்ணீர் வந்தது. முதலில் இறைத்த அன்று, அவர்களிடம் மிஞ்சியிருந்த பாதி நிலத்துக்கும் வாய்க்காலைத் திருப்பிவிடச் சொன்னேன். அதற்கும் நான்தான் வாய் திறந்தேன்.

விற்கிற வீட்டில் இருந்துகொண்டு அந்த அம்மா பாறை இருப்பதைச் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை.