முகூர்த்த நேரத்தில் அக்கி

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது இது. நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். ஊர் புவனகிரி.

எனக்குப் பெருங்குடலில் புண் உண்டு. எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடை எங்கே என்று பார்ப்பதற்கு முன் கழிப்பறை எங்கே என்றுதான் பார்ப்பேன். பந்தியில் மற்றவர்கள் வெளுத்துக்கட்டும்போது நான் ஓரமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். நம் எதிர்ப்பு சக்தியே நம் குடலைத் தாக்குகிற நோயாம். அந்தச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளைக் கடலூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். காய்ச்சல், கொப்புளம் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டு வந்து மறந்துவிட்டேன்.

அந்தக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வலது நெற்றி தீப்பட்டது போல எரிந்தது. பிறகு கொத்தாகக் கொப்புளங்கள். என் மனைவியின் அண்ணன் பார்த்ததுமே முடிவு சொல்லிவிட்டார்.

“மச்சான், இது அக்கி. டாக்டர்கிட்ட போவாத, ஊசி போட்டா ஜாஸ்தியாயிடும்.”

கீரப்பாளையம் பக்கம் அக்கி எழுதுகிறவரிடம் வண்டியில் அழைத்துப் போனார். அவர் செங்காவியைக் குழைத்து நெற்றி முழுக்கப் பூசி, அதன்மேல் ஒரு சிங்கமும் வரைந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பூசியதும் குளுகுளுவென்று இருந்தது. கழுவக் கூடாது என்பதால் காவிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. குடல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடலுக்கும் நெற்றிக்கும் என்ன சம்பந்தம்?

கல்யாணத்தன்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போனேன். மணமகள் அறையில் படம் எடுக்கும்போது வலது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்ணால்தான் நான் கேமராவில் பார்ப்பேன். தூசி என்று நினைத்துத் துடைத்தபோது மணப்பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். கடலூரில் நர்ஸ் வேலை பார்ப்பவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

“அண்ணா, தொப்பிய எடுங்க. அக்கியா? வேற ஏதாவது மாத்திர சாப்புடுறீங்களா?”

பெண்கள் கூடியிருந்த அறையில் குடல் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“மூக்கு நுனியிலயும் வந்துருக்கு. கண்ணுக்கு எறங்குது. கேமராவ வச்சிட்டு இப்பவே கெளம்புங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, குடல் டாக்டருக்குப் போன் பண்ணுங்க.”

அவளுடைய அம்மா பதறினார். “முகூர்த்தத்துக்கு அர மணி நேரந்தான் இருக்கு. தாலி கட்டுறத யாரு எடுப்பா?”

“தாலி கட்டறப்ப நான் இருப்பேன், அவுரு இருப்பாரு. அது போதும். இவுரு கண்ணு போச்சுன்னா நீ குடுப்பியாம்மா?”

மாலை போடுவதற்கு முன் தன் செல்போனிலேயே ஒரு கண் டாக்டரிடம் பேசி, நான் வருவதாகச் சொல்லி வைத்தாள். ஆட்டோவில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் கடைப் பலகைகளைப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பயம் வந்ததில்லை.

டாக்டர் காவியைத் துடைத்தார். கண் இமை வரை கொப்புளம். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்பிலேயே தூங்கிக்கொண்டிருக்குமாம். என் மாத்திரையால் எதிர்ப்பு சக்தி குறையவே விழித்துக்கொண்டு அக்கியாக வந்திருக்கிறது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை போயிருக்கும் என்றார். அன்றே கிருமிக்கு மருந்து தொடங்கினார். குடல் டாக்டர் போனிலேயே திட்டிவிட்டு, ஒரு மாத்திரையை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார். கண் மெல்லத் தெளிந்தது. நெற்றி எரிச்சல் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

தாலி கட்டும் படத்தை, அன்று வீடியோக்காரர் எடுத்திருந்த வீடியோவிலிருந்துதான் எடுத்து ஆல்பத்தில் வைத்தேன். மங்கலாகத்தான் வந்தது. அந்த அம்மா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பெண்ணோ, “கண்ணு எப்டிண்ணா இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தாலி கட்டுகளை இந்தக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும், தன் கல்யாணப் படத்தை எனக்காக விட்டுக்கொடுத்த அந்தப் பெண்ணை நினைக்காமல் பட்டனை அழுத்தியதில்லை.