ஸ்டிக்கர் ஒட்டிய போனுக்கு விளம்பரம்

ஒரகடம் பக்கம் வாடகைக்கு அறை பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பாருங்கள். கொக்கி இருக்கும், ஃபேன் இருக்காது. முன்பு இருந்தவர்கள் காலி செய்த அன்றே வீட்டுக்காரர் ஃபேனைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றித் தன் வீட்டுப் பரணில் போட்டுவிடுவார். புதிதாக வருகிறவர்கள் சொந்தமாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இங்கே இதை யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியவள் நான். சேரப்பணஞ்சேரியில் எனக்குக் கிடைத்த முதல் அறையில் மல்லாந்து படுத்து அந்தக் கொக்கியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரிலும் வெயிலுக்குக் குறைவில்லை, இல்லாமைக்கும் குறைவில்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விடுகிறவன் காற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு விடமாட்டான். நாங்கள் நான்கு பெண்கள் வெறும் தரையில் துப்பட்டாவை விரித்துப் படுத்தெழுந்து ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஓடினோம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, ஒரு ஃபேனும் மெத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். என் அண்ணனும் அதைத்தான் கேட்டான். வாங்கலாம். ஆனால் எங்களுக்குக் கிடைப்பது கான்ட்ராக்ட் வேலை. சில மாதம் வைத்திருப்பார்கள், பிறகு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போய்வா என்பார்கள். மெத்தையையும் ஃபேனையும் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதெல்லாம் வீட்டுக்காரர் பரணுக்குப் போய்ச் சேரும். எத்தனை பிள்ளைகளின் முதல் மாதச் சம்பளம் இந்தப் பக்கத்துப் பரண்களில் தூசி படிந்து கிடக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கான்ட்ராக்ட் முடிந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு மெத்தை, ஃபேன், கரண்ட் அடுப்பு, வாளி என்று வாங்கி மாத வாடகைக்கு விடும் கடை ஒன்றை ஆரம்பித்தேன். வேலை இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம், போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போகலாம். அண்ணன் ஒரே கெடுதான் வைத்தான். பொங்கலுக்குள் கடை ஓடவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டும். அம்மா அந்த வேலையில்தான் எங்களை வளர்த்தாள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ஃபேக்டரி லைனைத் தனியாக ஓட்டிய கையை மறுபடி அண்ணன் வீட்டுச் சாவிக்கு நீட்ட எனக்கு மனசில்லை.

கடை இடம் கன்னியப்பனுடையது. இந்த ஊர்க்காரர். தெருவுக்குள் வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருப்பவர். முதல் நாள் மரியாதையாக "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னா மளிக கடையா வச்சிக்கினு கீறேன்?" என்றார். எங்கள் பக்கத்தில் ஊரே மதிக்கிற ஆளுக்குச் சொல்லும் சொல் இங்கே பலசரக்குக் கடைக்காரருக்கு மட்டுமே என்று பிறகுதான் தெரிந்தது. சிரித்து விட்டிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. சொல்ல மறந்துவிட்டேனே, கடையிலும் ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார். ஃபேன் வாடகைக்கு விடுகிற கடைக்கு வெறும் கொக்கி!

இனி வெப்சைட் கதை. இந்தக் காலத்தில் வெப்சைட் இல்லாமல் தொழில் செய்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று சென்னையில் விளம்பரக் கம்பெனி நடத்தும் ஒருவர் சொன்னார். நல்ல பேச்சு, இஸ்திரி போட்ட சட்டை. கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார், அதை நானே எழுத்துக்கூட்டித்தான் சொல்ல முடிந்தது. முதல் பக்கத்தில் வெள்ளைத் திரைச்சீலை பறக்கும் ஓர் அறை, சோஃபாவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், அவர்கள் காலடியில் நாய். என் கடையில் சோஃபாவே கிடையாது என்றேன். "அது ஒரு ஃபீல் மேடம்" என்றார். என்ன ஃபீலோ! அதற்கப்புறம் இணையத்தில் காசு கட்டி விளம்பரம் ஓடவிட்டார். தினமும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டை எனக்கு அனுப்புவார். கோடு ஏறியது, கடைக்கு ஆள் வரவில்லை. போன் செய்தவர்களெல்லாம் சென்னை அடுக்குமாடியில் இருப்பவர்கள். ஓர் அம்மா ஆங்கிலத்தில் சாப்பாட்டு மேசை கேட்டார். இல்லை, தரையில் விரிக்கும் மெத்தைதான் இருக்கிறது என்றேன். யோகா வகுப்பா என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

சண்டை போட்டேன். எனக்குத் தேவைப்பட்டவர்கள் என் கடையைத் தாண்டித்தான் தினமும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு ஊருலகத்துக்கெல்லாம் ஏனய்யா கூவுகிறாய் என்று கேட்டேன். அவர் அசரவில்லை. அப்படியென்றால் க்யூஆர் கோடு போட்டு போஸ்டர் அடிப்போம், போனை நீட்டினால் வெப்சைட் திறந்துவிடும் என்றார். சரியென்று பட்டது. சதுரக் கட்டம் பெரிதாக இருக்க, கீழே அந்த ஆங்கிலப் பெயர். போன் நம்பர் வேண்டாமா என்றதற்கு, நம்பர் போட்டால் பழைய காலத்து விளம்பரம் மாதிரி இருக்கும் என்றார். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையில், கன்னியப்பன் வீட்டு மதிலில் எல்லாம் நானே பசை தடவி ஒட்டினேன். மதிலில் ஒட்டியதை அவர் அன்றைக்கே கிழித்துவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குவார்கள் என்று தெருவில் நின்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். போகட்டும், மற்றவை இருக்கின்றனவே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் வந்து நின்றன. நானும் போஸ்டர் பக்கத்திலேயே நின்றேன். பிள்ளைகள் இறங்கினார்கள், போஸ்டரைப் பார்த்தார்கள், படித்தார்கள், போனார்கள். ஒருத்தி கூடப் போனை நீட்டவில்லை. கடைசியில் முத்துலட்சுமி இறங்கினாள். என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள், எட்டயபுரத்துக்காரி, இன்னமும் கம்பெனியில் இருக்கிறாள். போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கக் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர். முன்பக்கமும் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, கேட்ல ஒட்டுன ஸ்டிக்கரோட நீயும்தான அலைஞ்ச? இத வச்சு நான் எதப் படம் புடிக்க?" என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே எதையும் படமெடுத்துவிடக் கூடாது என்று கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எங்கள் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். அறைக்கு வந்து பிய்த்துவிடலாம்தான். ஆனால் மறுநாள் மறுபடி ஒட்டிக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் வருகையைப் பதியும் பஞ்ச் நேரம் போய்விடும். அதனால் வார லீவு வரும்வரை யாரும் பிய்ப்பதில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, ஊருக்குப் பேசி, தூங்கும்வரை எங்கள் போனுக்குக் கண் கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன். கம்பெனியை விட்டு வந்த கொஞ்ச காலத்தில் அதை மறந்து, சென்னைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கிறேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் பெரிது. போஸ்டரை நானே கிழித்தேன்.

கிழித்த கையோடு கடைக்கு வந்து, யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், நாங்கள் லைனில் இருந்தபோது தொடங்கிய குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். விளம்பரம் என்று நினைத்துப் போடவில்லை, ஆத்திரத்தில் போட்டது. "ஏ பிள்ளைகளா, இன்னும் எத்தன நாளைக்குத்தான் தரையில கெடப்பிய? வேர்வைய வாங்குதவன் அங்க, காத்தக் கழட்டுதவன் இங்க. பரண்ல நம்ம ஃபேன அடுக்கி வச்சிருக்கானுவ வீட்டுக்காரனுவ. எங்கிட்ட வாங்க, மாட்டுங்க, போகும்போது தந்துட்டுப் போங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணயும் விட்டுட்டுப் போகாதிய" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசி, போன் நம்பரையும் சொல்லி முடித்தேன். வந்த நாளிலிருந்து யாரும் சிரிக்கக் கூடாதென்று நாக்கைக் கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அவிழ்ந்துவிட்டது.

மறுநாள் வேலை விட்டு வரும் பஸ்ஸில் அந்த வாய்ஸ் ஓடியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய கணக்கு! கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் காதுக்கு ஒட்டவில்லையே. பஸ்ஸில் ஒவ்வொருத்தியும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். ஊர்க் குரல் ஒன்று வந்து வீட்டுக்காரனைத் திட்டினால் யார்தான் கேட்கமாட்டார்கள்? திருச்சுழி குரூப்புக்குப் போய், சாத்தூர் குரூப்புக்குப் போய், ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்கள் வரைக்கும் போயிருக்கிறது. போன் அடித்தபடி இருந்தது. "அக்கா, வாய்ஸ் கேட்டோம், லிங்க் அனுப்புங்க" என்றார்கள். அப்புறம்தான் வெப்சைட்டுக்கே வேலை வந்தது. நான் சென்னைக்காரரைக் கூப்பிட்டு வெள்ளைக்காரனையும் நாயையும் இறக்கச் சொன்னேன். என் கடைக் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் இப்போது வெறும் கொக்கி. பார்த்தவுடனே பிள்ளைகளுக்குப் புரிந்தது. எது நல்ல விளம்பரம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: உன்னிடம் வரப்போகிறவள் எதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள், பிறகு செலவு செய்.

அந்த வாரமே கன்னியப்பன் வந்துவிட்டார். கடை வாசலில் நின்று தன் போனில் என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். வெப்சைட்டையும் திறந்து, படத்தில் இருக்கும் காரை பெயர்ந்த கூரை தன்னுடையது என்று விரலை வைத்துக் காட்டினார். என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே ஊர் பூராவும் திட்டுகிறாயா, ஒன்று அந்த வாய்ஸை எடு, இல்லை கடையை எடு என்றார். அனுப்பியது அனுப்பியதுதான், எத்தனை போனில் போய் எடுப்பேன்? கடை போனால் எல்லாம் போயிற்று, தீப்பெட்டி ஆபீஸ்தான். எனக்கு வந்தது அழுகையில்லை, ஆங்காரம். எங்கள் ஃபேனைக் கழற்றியது பொய்யா, ஊரை விட்டு வந்தவர்கள் என்றால் காற்றில்லாமல் சாகலாமா என்று கத்தினேன்.

அவர் போனின் பின்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பினார். அங்கேயும் சிவப்பு ஸ்டிக்கர்.

"கம்பெனிக்கு நெலம் குடுத்தவங்களுக்கு வேலன்னு உள்ள தோட்ட வேல குடுத்தாங்கம்மா. அதுவும் கான்ட்ராக்ட்டு. நான் நாத்து நட்ட எடத்துல போவசொல்லோ என் போனுக்கே ஒட்றானுங்க. நான் யார திட்டி வாய்ஸ் போடறது?" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இளகவில்லை. உங்கள் நிலத்தை நாங்களா எடுத்தோம், எடுத்தவனை விட்டுவிட்டு ஏன் எங்கள் கொக்கியில் கை வைக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். குடியிருக்கிறவர்கள் ஃபேன் இறக்கையை வளைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் யார் சரி பண்ணுவது என்றார். நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ளவும் எனக்குக் கோபமாக இருந்தது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் குரலை உயர்த்திப் பேசி, கடைசியில் வழி ஒன்று வந்தது. அவருடைய அறைகள் எல்லாவற்றுக்கும் நான் ஃபேன் மாட்டுவேன், பழுது என்னுடையது, அதன் வாடகையை அவர் எனக்குத் தருவார். கடை நிற்கும். பதிலுக்கு நான் இன்னொரு வாய்ஸ் போட வேண்டும். அதுவும் இந்த ஊர்ப் பேச்சில். அப்போதுதான் படப்பை, மணிமங்கலம் வரைக்கும் அறை விட்டிருக்கும் அவர் ஆட்களும் காது கொடுப்பார்கள், அவர்களும் ஃபேன் எடுப்பார்கள் என்றார்.

போட்டேன். "கன்னியப்பன் ரூம்ல இனிமே ஃபேன் கீது, உங்க ரூமுக்கும் வேணும்னா சொல்லுங்க" என்று ஆரம்பித்து, என் கடைப் பெயரையும் சொல்லி, எதிரில் அவர் உட்கார்ந்து திருத்தத் திருத்தப் பேசினேன். ஓரளவு பலித்தது. மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தார்கள். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முத்துலட்சுமி மட்டும் "வீட்டுக்காரன் பக்கம் சேந்துட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. கன்னியப்பன் முழுசாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியூர்க்காரி பேசுகிறாள் என்று தெரிந்துவிடுகிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நிமிடமே எல்லா ஃபேனையும் கழற்றியிருப்பேன்.

அந்த வாய்ஸ் எப்படியோ சுற்றி எங்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா போன் செய்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"யாரோ ஒரு பொம்பள உன் கடைப் பேரச் சொல்லிப் பேசுதாளே தாயி, கடைய அவகிட்ட வித்துட்டியா?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவசரமாகச் சொல்லப் போனேன். என் வாயில் வந்தது, "கடை கீதும்மா." "போன எம் மவகிட்ட குடு தாயி" என்றாள் அம்மா.