அத்தானின் துப்பாக்கிக் குழல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போதாக்குறைக்குக் கணக்கு வாத்தியார் வேறு. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கொன்றும் இல்லை, நடந்தது நடந்ததுதான்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கடைசியாக இருந்த வருஷங்களில் ஓர் ஐப்பசி. என் அக்கா புருஷன் சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில், இருந்துவிட்டுத் திரும்பியவர். வயலைக் கிளறும் பன்றிகளைச் சுடப்போகிறேன் என்று ரைபிளோடு அரசலாற்றில் தோணி ஏறியவர் இரண்டு நாளாகியும் வரவில்லை. கவிழ்ந்த தோணியைக் காரைக்கால்மேட்டு மீனவர்கள் முகத்துவாரத்தில் பிடித்தார்கள். துப்பாக்கியை எப்போதும் தோணிப் பலகையோடு வாரால் கட்டிவைப்பார், அது அப்படியே இருந்தது. ஆளைத்தான் காணோம். ஊரே கடலோரமாகத் தேடிக்கொண்டிருந்தது.

அக்கா அழவில்லை. ஈரம் சொட்டும் துப்பாக்கியை என் முன்னால் வைத்தாள்.

"தம்பி, உப்புத்தண்ணி பட்டிருக்குடா. துரு ஏறிச்சுன்னா அவங்க வந்து சத்தம் போடுவாங்க. சுத்தம் பண்ணிடு."

முடியாது என்றால், அவர் வரமாட்டார் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

அத்தான் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்து போல்ட்டைக் கழற்றி, கொதிக்கிற நல்ல தண்ணீரைக் குழலில் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். கம்பியில் துணி சுற்றி ஈரம் போக இழுக்க வேண்டும். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் தையல் மிஷின் எண்ணெய். பார்க்காமல் எண்ணெய் போடவே மாட்டார்.

நல்ல மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்தது. அதேபோல் கழுவித் துடைத்த குழலை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். வெளியே இரண்டு முழத் தூரத்தில் எதிர்வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. குழலுக்குள் தெரிந்ததோ ஆற்றங்கரை. இடிந்த சுங்கச் சாவடி, அதன் படியில் சாய்ந்தபடி ஓர் ஆள்.

துணிநூல் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். மூன்றாம் தடவை அந்த ஆள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறு பக்கம் திருப்பினால் வெறும் வெளிச்சம். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

துப்பாக்கியைப் பாயில் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்காவோடு ஓடினேன். சாவடி இருப்பது மேற்கே, எல்லோரும் தேடியதற்கு நேர் எதிர்ப்பக்கம். கால் முறிந்து அந்தப் படியில்தான் கிடந்தார் அத்தான், உயிரோடு. அக்கா அப்போதுதான் அழுதாள்.

கட்டிலில் வைத்துத் தூக்கி வரும்போது அவர் முனகினார். "மாப்ளே, வானத்துல வட்டமா ஒரு ஓட்டை. அதுல ஒரு கண்ணு. நாலு தடவ பாத்துச்சு."

"மூணு தடவதான் பாத்தேன் அத்தான்."

"மூணு உன் கண்ணு, எனக்குத் தெரியாதா? நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நாலாவதா பாத்துச்சே, அது உன்னுது இல்ல. அது இமைக்கவே இல்ல."

காய்ச்சலில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். வீட்டில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. துப்பாக்கியும் நான் போட்ட பாயில்தான் கிடந்தது. கையில் எடுத்தேன், வழுக்கியது. நான் எண்ணெய் போடாமல் போட்டுவிட்டு ஓடிய குழலுக்கு, யாரோ பதமாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.