இரண்டு குழாயும் நீலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொல்லிமலையில், அரியூர் நாட்டு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மலைக்கு இன்னும் பஸ் வரவில்லை. டாக்டர் மாதம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து நடந்து ஏறி வருவார். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. மீதி நாளெல்லாம் ஊரார் என்னைத்தான் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. பக்கத்துச் சிற்றூரின் தலைவரான ஊர்க்கவுண்டருக்கும் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்க்கும் வசதியெல்லாம் சேலத்தில்தான். மலையில் எங்களுக்கு வாய்த்தது சிறுநீர்ச் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சில சொட்டுச் சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆள் மோசம்.

திங்கட்கிழமை சோதனை நாள். அதனால் ஞாயிறு முழுக்க நான் மோரோடு நிறுத்திக்கொள்வேன். மற்ற நாட்களில் பலாச்சுளையும் தேனும் என்னை ஒன்றும் செய்யாது என்பது என் நம்பிக்கை. கவுண்டர் வீட்டுப் பலாமரம் அந்த நம்பிக்கையை வருஷா வருஷம் வளர்த்தது.

திங்கட்கிழமை காலையில் கவுண்டரின் மனைவி முந்தானையில் மறைத்து ஒரு பாட்டில் கொண்டு வருவார். சந்தைக்குப் போகிற வழியில் கவுண்டரும் வந்து நிற்பார். கொதித்த குழாய்கள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்துக் காட்டுவேன். "பாருங்க, உங்களோடதும் நீலம், என்னோடதும் நீலம். நம்ம ரெண்டு பேரு நெஞ்சுக்கும் ஒரு பயமும் இல்லீங்க." சர்க்கரை உள்ளவனுக்கு மாரடைப்பு சத்தமில்லாமல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீலத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஐப்பசியில் ஒருநாள் மலையேறும்போது குப்பென்று வியர்த்து, மூச்சு வாங்கி, ஒரு பாறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பித்தம் என்று நானே சொல்லி நானே மருந்தும் குடித்தேன்.

கவுண்டரின் கால் விரலில் ஒரு புண் வந்தது. மாதக் கணக்கில் ஆறவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார். குழாய் மட்டும் அப்படியே நீலம். எனக்குச் சந்தேகம் வந்து அவர் மனைவியைப் பிடித்து விசாரித்தேன். அந்த அம்மாள் தயங்கவே இல்லை.

"அது அவரோடது இல்லீங்க. எங்கூட்டுக் கெடாரியோடதுங்க. ஊர்க்கவுண்டரு ஒடம்புல இருந்து வர்றதை வெளியாளு கையில குடுக்கலாமுங்களா? யாராச்சும் செய்வினை வெச்சுப்போட்டா? மாட்டோடது சுத்தமுங்க. உங்க வெளக்குக்கும் தோசமில்லீங்க."

ஒரு கிடாரிக்குச் சர்க்கரை இல்லை என்று மாதக் கணக்கில் சான்று கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. மனுஷன் செத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கம் அப்புறம்தான் வந்தது. சேலத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கவுண்டரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சிறுநீருக்கே அந்தப் பாடு படுத்தியவர் ரத்தம் என்றதும் முடியவே முடியாது என்றார்.

"நீங்களும் குடுங்க," என்றார் கடைசியில். "ரெண்டும் ஒண்ணாப் போகட்டும். எனக்கு எவனாச்சும் செய்வினை வெச்சான்னா அது உங்களையும் சேருமுங்க. அப்ப நீங்க பாத்துக்குவீங்க."

அவரைக் காப்பாற்றத்தானே என்று நானும் கூடவே சேலம் போய்க் கையை நீட்டினேன்.

சேலத்து டாக்டர் சர்க்கரையோடு ரத்தக் கொழுப்பையும் பார்த்தார். இருவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார். கவுண்டருக்குச் சர்க்கரை ஏகமாக ஏறியிருந்தது. ஆனால் கொழுப்பு அளவோடு இருந்தது, இதயத்திலும் குறை இல்லை. விரலுக்குக் கட்டுப் போட்டு மாத்திரை எழுதினார். பிறகு என் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு ரெண்டுமே மேல நிக்குது. ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. வலிக்கலையா?"

"இல்லீங்க."

"சர்க்கரைக்காரங்களுக்கு வலி தெரியாமயும் வரும். கம்பவுண்டர்னு சொன்னீங்களே?"

பாறையில் உட்கார்ந்திருந்த அந்த அரை நாள் ஞாபகம் வந்தது. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் என் மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் இருந்தார்கள். டாக்டர் எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்து மலையேறக் கூடாது என்று உத்தரவு. பொறுப்பை ஒப்படைக்க ஒருமுறை மேலே போயாக வேண்டியிருந்தது. கவுண்டர் அடிவாரத்தில் நாலு ஆட்களைப் பிடித்து எனக்கு டோலி கட்டினார். விரலில் கட்டோடு அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். பாதி மலையில் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, என்னோடது கெடாரியோடது, சரிங்க. உங்களோடது உங்களோடதுதானுங்களே? அது எப்படீங்க நீலமா நின்னுச்சு?"

ஞாயிற்றுக்கிழமைப் பட்டினியைப் பற்றி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"எங்க கெடாரி வயிறு நெறைய மேஞ்சுட்டுத்தானுங்க குடுத்துச்சு," என்றார் கவுண்டர்.