கிளாவரைத் திருவிழாவும் நோட்டீஸில் இல்லாத என் பேரும்

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற கிளாவரைக்கு எப்படிப் போவது என்று போன வாரம் இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி மாதம் நான் அந்த ஊருக்குப் போன கதையைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு வராது.

எங்கள் ஊர் பள்ளங்கி. எங்கள் உறுமி மேளம் மொத்தம் ஐந்து பேர். என் வீட்டுக்காரர் கருப்பையா உறுமி. அவருடைய சித்தப்பா மகன் மாயாண்டி நாயனம். தவிலுக்கும் பம்பைக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். நான் ஜால்ரா தட்டிக்கொண்டு பாடுவேன். கிளாவரை அம்மன் திருவிழா எட்டு வருஷமாக எங்கள் மேளம்தான். ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து கொடுப்பார்கள். கைநீட்டி வாங்கிவிட்டால் பேச்சு மாறக்கூடாது. அந்த வருஷம் வெற்றிலை வந்த அன்றைக்கு நான் பூண்டுக் காட்டில் களையெடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இவரும் மாயாண்டியும் வாசலில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது.

திருவிழாவன்று காலை ஐந்து மணிக்கு முட்டைக்கோஸ் லாரியில் ஏறி ஆறரைக்குக் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். டீ முப்பது பைசா. பம்பைக்காரனோடு பேசிக்கொண்டிருந்த மாயாண்டி, நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டான்.

“என்னலே, நான் வந்ததும் வாயப் பூட்டிக்கிட்ட?”

“ஒண்ணுமில்ல மதினி, குளுருது.”

“குளுருக்கு வாய் நடுங்கும். மூடிக்கிடாதுடா.”

ஏழேகாலுக்குப் பஸ். கவுஞ்சி வரைக்கும் ஆளுக்கு நாலு ரூபாய். என் மடியில் இருந்த உறுமியைக் கண்டக்டர் விரலால் தட்டிப் பார்த்தார்.

“இதுக்கும் டிக்கெட் போடணும் தாயி.”

“மடியில வர்ற பிள்ளைக்கு ஏதுங்க டிக்கெட்?”

“மூணு வயசு தாண்டிருச்சுல்ல?”

“இன்னும் பேச்சே வரலைங்க. மேல போயி அனல் காட்டுனாத்தான் வாயத் தொறக்கும்.”

பஸ்ஸே சிரித்தது. நான் சொன்னது பாதி நிஜம். மேல்மலைப் பனி பட்டால் உறுமித் தோல் தொய்ந்துபோகும். கனலில் காட்டித்தான் இறுக்க வேண்டும். சூடு குறைந்தால் சத்தம் வராது, கூடினால் தோல் கிழியும். அந்த உறுமிக்கு எவ்வளவு சூடு என்பது என் உள்ளங்கைக்குத்தான் தெரியும். இவருக்கே தெரியாது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை பதினெட்டு கிலோமீட்டர். போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள், அடுக்கடுக்காகப் பூண்டு வயல் தெரியும். நான் பார்க்கவில்லை. கடைசி சீட்டில் துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மாயாண்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நாயனத்தை மேல் தட்டில் வைத்துவிட்டு மூட்டையை மட்டும் அணைத்துக்கொள்வானேன்?

பத்து மணிக்குக் கவுஞ்சி. அந்தக் காலத்தில் எங்கள் பஸ் அதோடு திரும்பிவிடும். கிளாவரைக்கு ஏழு கிலோமீட்டர் நடை; சுமையோடு போனால் இரண்டேகால் மணி நேரம். பாதி வழியில் ஓர் ஓடை. ஆண்கள் முகம் கழுவ இறங்கினார்கள். மாயாண்டி கரையில் வைத்துவிட்டுப் போன மூட்டையை நான் அவிழ்த்தேன். தப்புத்தான். அடியில் திருவிழா நோட்டீஸ் மடித்துக் கிடந்தது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேளம் என்ற இடத்தில் நாலு பேர். போன வருஷம் வரை ‘பாட்டு’ என்று போட்டு என் பேர் இருந்த இடத்தில் ‘மைக் செட்’ என்று இருந்தது.

மாயாண்டியின் வேலை என்றே முடிவு கட்டினேன். மீதி வழியெல்லாம் அவனுக்குக் கொடுக்க வேண்டிய வசவை மனசுக்குள் கோத்துக்கொண்டே நடந்தேன்.

கிளாவரையில் ஊர்ப் பெரியவரிடம் நேராகப் போய் நோட்டீஸை நீட்டினேன். “என் பேரை எடுக்கச் சொன்னது மாயாண்டிதானுங்களே?”

“அவன் எங்க சொன்னான்? இந்த வருசம் ரிக்கார்டு போடுறோம், பாட்டுக்கு ஆளு வேணாம்னோம். ஒன் வீட்டுக்காரருதான் சரின்னு வெத்திலைய வாங்குனாரு. மாயாண்டிதான் மதினி இல்லாமயான்னு எகிறுனான். ஒங்கிட்ட சொன்னா மேளத்த விட்டே வெலக்கிருவேன்னு இவரு அவன் வாய அடச்சாரு.”

இவர் பந்தல் காலில் சாய்ந்து நின்றார்.

“அப்ப என்னைய எதுக்கு இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீக?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உறுமிக்கு அனல் காட்ட ஆள் வேணும்ல.”

உறுமியை அவர் பக்கம் வைத்துவிட்டு, பந்தலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. நாலு மணிக்கு அம்மன் புறப்பாடு. இவர் உறுமியை எடுத்து, வளைகுச்சியால் தோலைத் தேய்த்து இழுத்தார். ஈரச் சாக்கைத் தேய்த்த மாதிரி இருந்தது. கனல் பக்கத்தில் கொண்டுபோனார், தோல் பொசுங்கும் வாடை அடித்ததும் பதறி இழுத்துக்கொண்டார். மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடியது. அம்மன் அசையவில்லை, அந்த ஊரில் உறுமி கேட்காமல் சாமியைத் தூக்க மாட்டார்கள்.

பெரியவரே வந்தார். “தாயி, சாமி காத்துக் கெடக்கு. வெரசா வா.”

“என் பேருதான் நோட்டீசுல இல்லையே. எனக்கு இங்க என்ன சோலி?”

“என்ன செய்யணுங்கிற?”

“ரிக்கார்ட நிறுத்தச் சொல்லுங்க. மொதப் பாட்டு நான். அந்த மைக்குலதான் பாடுவேன்.”

மாயாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெரியவர் கையைக் காட்ட, ரிக்கார்டு நின்றது. உறுமியை வாங்கி, உள்ளங்கையால் தடவித் தடவிக் கனலில் காட்டினேன். இவர் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். ஓடையடி வரை கேட்டிருக்கும். நான் ஒன்றில்லை, மூன்று பாட்டுப் பாடினேன்.

மாயாண்டியிடம் ‘உன்னைச் சந்தேகப்பட்டேன்’ என்று நான் சொல்லவே இல்லை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மேலிருந்த கோபமும் இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்கு: இப்போது கிளாவரை வரைக்கும் வண்டி போகிறது, கொடைக்கானலில் நேரம் விசாரித்துக்கொண்டு வெள்ளனே கிளம்புங்கள். ஸ்வெட்டர் அவசியம். மதியத்துக்குப் பிறகு பனி இறங்கினால் பாதை தெரியாது. நான் அந்த வருஷத்துக்குப் பிறகு எந்த ஊர்த் திருவிழா என்றாலும் நோட்டீஸைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி, என் பேரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உறுமியை மடியில் வைத்தேன்.