தெர்மோகோல் சுவர்

கல்யாணமான புதிதில் கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு யாரும் வீடு தரவில்லை. நான் இந்து, அவர் கிறிஸ்தவர். இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம். கடைசியில் அவர் வெல்டராக இருந்த பட்டறையின் முதலாளி, பின்பக்கம் சும்மா நின்ற ஒரு வண்டியில் தங்கிக்கொள்ளச் சொன்னார். ரோடு வேலைக்கு வந்த இன்ஜினியர்கள் தங்கிவிட்டுப்போன தகர அறை அது. லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகலாம். இரண்டு சக்கரம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல்.

பங்குனியிலேயே உள்ளே இருக்க முடியவில்லை. சுவரில் கை வைத்தால் சுட்டது. எனக்கு அப்போது நான்கு மாதம்.

"இப்டியே உட்டா நீ தாங்கமாட்ட" என்றார் அவர். பக்கத்து கம்பெனியில் மெஷின் வந்திறங்கிய பெட்டிகளிலிருந்து தெர்மோகோலையும் பிளைவுட்டையும் கேட்டு வாங்கிவந்தார். சுவர் முழுக்க மரச்சட்டம் அடித்து, சட்டங்களுக்கு நடுவில் தெர்மோகோல் ஒட்டி, மேலே பிளைவுட்டால் மூடிவிடுவது என்று திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டத் தொடங்கினோம். சோபா தைக்கிறவர்கள் தடவும் மஞ்சள் பசை. தடவிய இடமெல்லாம் தெர்மோகோல் புஸ்ஸென்று கரைந்து ஓட்டை விழுந்தது. அவர் வேகவேகமாக அடுத்த துண்டை எடுத்தார், அதுவும் கரைந்தது. இருவரும் திகைத்து நின்றபோது வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

என் அம்மா. நான் உண்டாகியிருப்பது யார் மூலமோ தெரிந்து, பொன்னேரியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

"இன்னாடி இது, பசையா ஆசிட்டா?" என்று கேட்டவள் உள்ளே வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அடுப்புக்குள்ள குந்தினுகீற மாதிரி கீதே. இதுலயா புள்ளைய வெச்சினு கீற?"

நான் குடத்திலிருந்து அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அவர் ஓடிப்போய்த் தச்சர்கள் போடும் வெள்ளைப் பசை வாங்கிவந்தார். அது பிடித்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு துண்டு நறுக்கினாள். ஆனால் அவரிடம் மட்டும் பேசவில்லை. பிளைவுட்டை ஏற்ற இருவர் வேண்டும். என்னை அவள் தூக்க விடவில்லை. அவளே ஒரு முனையைப் பிடித்தாள். அவர் ஸ்க்ரூ முடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது.

"கை பத்திரம்ப்பா" என்றாள்.

மருமகனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் "சரிங்க அத்த" என்று சொல்லிவிட்டு, திரும்பாமல் வெகுநேரம் அந்த ஒரே ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

நான்கு சுவரும் முடிய மேலும் இரண்டு ஞாயிறு ஆனது. இரண்டுக்கும் அம்மா வந்தாள். ஏசி மாதிரியெல்லாம் ஆகிவிடவில்லை. ஆனாலும் மத்தியானத்தில் சாய்ந்து உட்கார முடிந்தது. கடைசி ஞாயிறு சோறு தின்றுவிட்டு, புது பிளைவுட்டில் முதுகைச் சாய்த்தபடியே அம்மா தூங்கிப்போனாள். போகவேண்டிய ரயில் போயிற்று. நாங்கள் எழுப்பவில்லை. நான் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.