மூன்றாவது கம்பி

பால் சேர்க்காத பிளேன்டீக் கோப்பையை இடது கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனால், சாயத்தின் மணத்துக்கு முன்னால் துரு வாசனைதான் மூக்கில் ஏறும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது போகாது. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பழைய கிட்டார் ஏறக்குறைய ஓராண்டு தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தது; அதன் கம்பிகள் என் விரல் நுனியில் விட்டுப்போன வாசனை அது. பாடகர் குழுவில் அதை வாசித்துவந்த ஓர் அண்ணன், கொழும்பில் கடை வேலைக்குப் போகும்போது, அதிகம் அடம்பிடித்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னிடம் அதைக் கொடுத்து, சுருதி கூட்டும் விதத்தை அரை மணி நேரத்தில் காட்டி, ஒரு ஃபோட்டோகொப்பித் தாளையும் தந்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அம்மா அதைப் பார்த்ததும் சொன்னது, "கோயில் சாமான்டா, ஒடஞ்சா பாவம் நம்ம தலையிலதான்" என்பதுதான்.

அந்தத் தாளில் கம்பிக்கு ஒன்றாக ஆறு கோடுகளும், விரல் வைக்கும் இடங்களாகப் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகளும் இருந்தன; கோட்டுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் ஐந்தே சுரங்கள், அவையே கீழும் மேலுமாகத் திரும்பத் திரும்ப வரும். பென்டடோனிக் என்ற பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அது "அஞ்சு சுரம்" ஆயிற்று. இந்த ஐந்தில் எதை எதற்குப் பின்னால் வாசித்தாலும் காதை உறுத்தாது என்று, இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று எனக்கு அது பெரும்பாடாக இருந்தது. சுண்டுவிரல் எட்டாது, கம்பி நுனியை அறுக்கும், பாதி தூரம் ஏறியபின் இறங்கும் வழி தெரியாமல் நடுவில் நின்றுவிடுவேன்.

என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா ஜெசிந்தா, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு இடுப்பு முடியாமல் போனதும், என்னைவிடப் பல மடங்கு நன்றாகப் படித்த அவளைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்ப்பாள். ஒரு நாள், "குடு தம்பி, நானும் பாக்குறேன்" என்று வாங்கினாள்.

மலையில் கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பார்கள். அந்த வரிசையை விட்டு விலகாமல் இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே மேலே ஏற வேண்டும். அக்கா கிட்டார்க் கம்பிகளையும் "நெரை" என்றே சொன்னாள். "ஒரு நெரைக்கு ரெண்டு, அடுத்த நெரைக்கு ரெண்டு, அவ்ளோதானே?" கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போயிருந்த அவள் விரல்களுக்குக் கம்பி வலிக்கவே இல்லை. பத்து நாளில் தாளைப் பார்க்காமல் வாசித்தாள். இரண்டாம் மாதத்தில் அந்த ஐந்து சுரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தானாகவே ஏதோ ஒன்றை வாசிக்க, பக்கத்துக் காம்பரா அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ரேடியோவா புள்ள?" என்று கேட்டார். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படிப்பு போன பின் அவளுக்கென்று இருந்தது இது ஒன்றுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் அதைச் செய்தேன்.

அந்த வருடம் இயேசு பிறப்பின் நத்தார்ப் பூசையில் பாட்டுக்கு நடுவே கிட்டார் தனியாக ஒலிக்க வேண்டும் என்று, குழுவைப் பழக்கிய ரீட்டா டீச்சர் ஆசைப்பட்டார். நான்தான் வாசிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தையின் வாய் சும்மா இருக்குமா? அக்கா வாசிக்கும் விஷயம் டீச்சர் காதுக்குப் போக, அவர் "ஞாயித்துக்கிழமை அக்காவையும் கூட்டிட்டு வா, யாரு நல்லா வாசிக்கிறீங்கன்னு பாப்போம்" என்றார். யார் என்பது எனக்கு முன்பே தெரியும்.

கிட்டார் தலையில் இருக்கும், சுருதி கூட்டும் முறுக்காணிகளை அக்கா தொட்டதே இல்லை. "அதுல கை வச்சிராதக்கா, கம்பி அறுந்துரும்" என்று முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்தேன். டீச்சருக்கு ஆர்மோனியம்தான் தெரியும், கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் உள்ளே போய், கிட்டாரில் கீழிருந்து மூன்றாவது கம்பியின் ஆணியைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன்.

அக்கா வெள்ளைச் சட்டை போட்டு, கொழுந்துக் கறை போக எலுமிச்சம் பழம் தேய்த்துக் கழுவிய கைகளோடு வந்து உட்கார்ந்தாள். மேலிருந்து முதல் மூன்று கம்பிகளும் ஒழுங்காக ஏறின, அடுத்த கம்பியில் எல்லாம் கோணலாகப் போனது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள், அதே இடத்தில் அதே கோணல். மூன்றாம் முறையும் அப்படியே. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழுந்து புடுங்குற கை டீச்சர், மரத்துப் போச்சு போல" என்று சொல்லிக் கிட்டாரை என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கி, எல்லோர் முன்னிலையிலும், பெரிய வித்துவானைப் போலத் தலையைச் சாய்த்து, ஆணியை முறுக்கிச் சரிசெய்துகொண்டு வாசித்தேன். நத்தாருக்கும் நான்தான் வாசித்தேன். அக்கா அதன் பிறகு அந்தக் கிட்டாரைத் தொடவே இல்லை.

அந்தக் கிட்டார் இப்போது இல்லை. கோயிலில் தானே தாளம் போடும் கீபோர்டு வந்துவிட்டது, எங்கள் லயத்தை இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். நான் வத்தளையில் கிட்டார் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அக்கா இன்னும் மலைக்குப் போகிறாள். போன நத்தாருக்கு அவள் வீட்டில் இருந்தபோது, அவளுடைய மகள் என் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் பழக்கி விடுங்க மாமா" என்றாள். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "சும்மா இருடி. நம்ம கைக்கு அதெல்லாம் வராது, நான் பாத்துட்டேன்."

இருபது வருடங்களாக நான் வாயைத் திறக்காததால், என் பொய் அந்தப் பிள்ளையின் கைவரைக்கும் வந்துவிட்டது. அடுப்படி வாசலில் நின்று, ஆணியைத் தளர்த்தியதை அப்படியே சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கு நான் சரியாத்தான் வாசிச்சேனா?"

"ஆமாக்கா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்" என்றேன்.